வீடு மாறிய துண்டு

குரோமோசோம் படத்தைக் கத்தரித்து ஜோடி சேர்க்கச் சொன்னால், 'என்ன சார், எல்கேஜி வேலை!'ன்னு லேபில் முணுமுணுப்பீங்கதானே? நானும்தான். சித்தப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வரும்வரை. அதில் 9, 22 என்று இரண்டு எண்கள்.

அவற்றைத் துரத்திப் போனால், சிகாகோவில் ஒரு சாப்பாட்டு மேஜை! நாலு பையன்களின் அம்மா ஜேனட் ரௌலி, 1972-ல் அதே எல்கேஜி வேலையை அங்கே உட்கார்ந்துதான் செய்தார். 'அம்மா பேப்பர் பொம்மை விளையாடறாங்க'ன்னு பசங்க கிண்டல் வேற.

க்ரானிக் மைலாய்டு லுகேமியா நோயாளிகளிடம் 22-ம் குரோமோசோம் குட்டையாக இருப்பது 1960-லேயே தெரியும். மிச்சத் துண்டு தொலைஞ்சுபோச்சுன்னு நினைத்தார்கள். புதுச் சாயத்தில் வரிவரியாகத் தெரிந்த படங்களில் ரௌலி கண்டது வேறு: 9-ம் குரோமோசோமில் அதே அளவுக்கு ஒரு வால். துண்டு தொலையலை பாஸ், வீடு மாறிடுச்சு!

1973-ல் அதை வெளியிட்டார். அப்படி மாறிய இடத்தில் இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொள்ள, அதிலிருந்து பிறக்கிற புரதம்தான் வில்லன் என்பது பிறகு புரிந்தது. அதை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சித்தப்பா அதைத்தான் தினமும் சாப்பாட்டோடு போட்டுக்கொள்கிறார். வயிற்றைப் பிரட்டுதுன்னு புலம்பல் உண்டு. ஆனால் ஸ்கூட்டரில் ஆபீஸ் போய்விடுகிறார். போன வாரம் போனில் கேட்டார்: "டேய், அந்தம்மா பேரு என்ன சொன்னே?"