வெட்கம் மருந்தாகாது

நாணத்தை ஈமானோடு சேர்த்தே மத்ரசாவில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். அந்த நாணம் எனக்குப் பெருமை. ஆனால் உடம்பில் நோவு வந்தாலும் வாய் திறக்காமல் இருப்பதற்கும் நாம் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அது சரிதானா என்ற கேள்வியைச் சென்ற வருடம் என் சாச்சியின் வருத்தம்தான் எனக்குள் எழுப்பியது.

சாச்சிக்கு நாற்பது வயது. பாமன்கடையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். மறைவிடத்தில் அரிப்பும் சிவப்பும் சிறு பருக்களும் வந்து ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. சுத்தம் போதவில்லை என்று நினைத்து, கிருமிநாசினி கலந்த தண்ணீரால் நாளுக்கு நான்கு தரம் கழுவியிருக்கிறார். ஒரு பாமசியில் “தோல் அரிப்புக்கு” என்று மட்டும் சொல்லி, கிறீம் ஒன்று வாங்கிப் பூசியிருக்கிறார். பூசினால் இரண்டு நாள் சுகம். பிறகு முன்னையதைவிட மோசம். தொழுகையில் இருப்பில் அமரவே முடியாமல் போனபோதுதான் உம்மாவிடம் சொல்லி அழுதார்.

உம்மா அவரை ஒரு பெண் டொக்டரிடம் அழைத்துப் போனார். பார்த்து முடித்ததும் டொக்டர் எழுதிக்கொடுத்த முதல் சோதனை இரத்தத்தில் சீனி. சாச்சிக்கு நீரிழிவு இருந்தது. அது அவருக்கே தெரியாது. சீனி கூடினால் பங்கசுத் தொற்று திரும்பத் திரும்ப வரும். பூசிய கிறீமில் ஸ்டீரொய்ட் இருந்தது. அது அரிப்பை மட்டும் அடக்கி, பங்கசைப் பரவ விடும். ஐந்து மாத மௌனத்துக்குள் ஒளிந்திருந்தது தோல் வருத்தம் மட்டுமல்ல.

உயிரியல் படிப்பவள் என்பதால் எனக்கு இன்னும் அறிய ஆசை வந்தது. பெண்ணின் உள்ளுறுப்பில் இயற்கையாகவே நல்ல பக்டீரியாக்கள் வாழ்ந்து, அமிலத்தை உண்டாக்கித் தீய கிருமிகளைத் தடுக்கின்றன. வாசனைச் சவர்க்காரமும் கிருமிநாசினியும் அந்தக் காவலைக் கெடுக்கும். வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுத்தால் போதும்.

பருக்கள் எல்லாம் தொற்றும் அல்ல, கெட்ட நடத்தையின் அடையாளமும் அல்ல. மயிர் மழித்த பின் அது தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்தால் பரு வரும். மயிர்க்கால் அழற்சியாலும் வரும். நாற்பது நாளைத் தாண்டாமல் மயிர் அகற்றுவது நமக்குச் சுன்னத். ஆனால் கத்தரித்தாலும் போதும் என்று உலமாக்கள் சொல்கிறார்கள். மழிப்பவர்கள் புதிய அலகைப் பாவித்து, மயிர் வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும்; ஒருவரின் அலகை இன்னொருவர் எடுக்கக் கூடாது. கொழும்பின் புழுக்கத்தில் நைலோன் உள்ளாடையும், நெடுநேரம் மாற்றாத பேடும் தோலை உராய்ந்து புண்ணாக்கும். பருத்தி உள்ளாடை நல்லது. பேடை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் வேண்டாம்.

சாதாரணப் பரு சில நாளில் அடங்கிவிடும். ஒரு கிழமை தாண்டினாலும், திரும்பத் திரும்ப வந்தாலும், காய்ச்சல், சீழ், நீர்க்கொப்புளம், ஆறாத புண், துர்நாற்றம் இருந்தாலும் டொக்டரிடம் போக வேண்டும். பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம். உம்மாவையோ ராத்தாவையோ கூடவே வைத்திருக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் இல்லை. 35 வயதைக் கடந்த தாய்மாருக்கு 1996 முதல் ‘சுவநாரி’ கிளினிக்குகள் நாடெங்கும் நடக்கின்றன. அங்கே சீனியும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் சோதிக்கிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் 6ஆம் தரத் தங்கைகளுக்குப் பாடசாலையிலேயே போடப்படுகிறது. அந்தச் சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால், தயங்காமல் வாசித்துக் கையொப்பமிடுங்கள்.

மதீனாவின் அன்ஸாரிப் பெண்கள் மாதவிடாய், குளிப்பு பற்றியெல்லாம் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார்கள். அறிவைத் தேட வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். அவர்களைவிட நாணமுள்ளவர்களா நாங்கள்?

உம்மாமாரே, உங்கள் மகள் மெதுவாக ஏதாவது சொல்ல வந்தால், “சீ, என்ன பேச்சு” என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் அவள் மாதக்கணக்கில் மௌனமாகிவிடுவாள். தங்கைகளே, நோவை உம்மாவிடம் சொல்வதால் நாணம் குறைந்துவிடாது.