நெஞ்சில் சுருக்கென்றால்…

வடபழனிக்காரர்களுக்கு 2021 ஏப்ரல் 17 மறக்காது. நம்மைச் சிரிக்கவும் மரம் நடவும் வைத்த நடிகர் விவேக், இங்கே சிம்ஸ் மருத்துவமனையில்தான் காலமானார். வயது 59. அதே வருடம் அக்டோபர் 29-ல் பெங்களூரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார். அவருக்கு 46 தான். தினமும் உடற்பயிற்சி செய்தவர். அதிலிருந்து வீட்டில் எந்தப் பிள்ளை "நெஞ்சு வலிக்குது" என்று சொன்னாலும் பெரியவர்களுக்குக் கை கால் ஓடுவதில்லை.

போன வருடம் என் தம்பி மகன் அப்படித்தான் சொன்னான். வயது 24. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கட்டிலில் முதுகை வளைத்து உட்கார்ந்து லேப்டாப் பார்ப்பவன்.

"பெரியப்பா, இடது பக்கம் ஊசி குத்தின மாதிரி சுருக்குன்னுச்சு. மூச்சை இழுத்தா இன்னும் குத்துச்சு. ரெண்டு நிமிஷத்துல போயிடுச்சு."

அவன் அம்மா வடபழனி முருகனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். தம்பியோ, "வாயுடா, மோர்ல பெருங்காயம் போட்டுக் குடி" என்றான். இரண்டையும் செய்யுங்கள், முதலில் டாக்டரைப் பார்ப்போம் என்று நான் கூட்டிப் போனேன். டாக்டர் விவரமாகக் கேட்டார், விலா எலும்புகளை அழுத்திப் பார்த்தார், ஈசிஜி எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது.

இதற்கு 'ப்ரீகார்டியல் கேட்ச்' என்று பெயராம். 1955-ல் மில்லர், டெக்ஸிடார் என்ற இரண்டு மருத்துவர்கள் பத்துப் பேரிடம் பார்த்து எழுதினார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மில்லரே! சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும்தான் அதிகம் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அதுவும் கூன் போட்டு உட்கார்ந்தால், விரல் வைத்துக் காட்டும்படி ஓர் இடத்தில் குத்தும். அரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகப் போய்விடும். இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருந்தும் வேண்டாம்.

இளவயதில் நெஞ்சு வலிக்க வேறு காரணங்களும் உண்டு. விலா எலும்பு நடு எலும்போடு சேரும் குருத்தெலும்பில் அழற்சி வந்தால், தொட்டால் வலிக்கும். அங்கே வீக்கமும் இருந்தால் டீட்ஸே நோய் என்பார்கள். டீட்ஸே என்ற ஜெர்மன் டாக்டர் 1921-ல் விவரித்தது. ஜிம்மில் புதிதாகப் பளு தூக்கினால் தசைப்பிடிப்பு வரும். ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா தின்று உடனே படுத்தால் புளித்த அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரியும். மனப் பதற்றமும் படபடப்போடு வலியைக் கொண்டுவரும். அது நடிப்பல்ல, நிஜ வலிதான்.

சிலவற்றை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ஒல்லியாக, உயரமாக இருக்கும் பையனுக்குத் திடீரென்று ஒரு பக்கம் வலித்து மூச்சு வாங்கினால், நுரையீரலிலிருந்து காற்று கசிந்திருக்கலாம். காய்ச்சலுக்குப் பிறகு வந்த வலி, படுத்தால் கூடி, முன்னால் குனிந்தால் குறைந்தால், இதயத்தின் உறையில் அழற்சி இருக்கலாம். ஓடும்போது, மாடி ஏறும்போது வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ இதய டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

என்னோடு ஆபீசில் வேலை பார்த்த ஒருவருக்கு 38 வயது. பாறாங்கல்லை வைத்த மாதிரி நெஞ்சு அழுத்தியது, இடது கை கனத்தது, வியர்த்துக் கொட்டியது. "காஸ் டிரபிள்" என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டு ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் இல்லை. அவர் குழந்தைகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன.

2007-ல் வெளியான பல நாட்டு ஆய்வு ஒன்றில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது. மற்றவர்களுக்கோ ஏறக்குறைய 59. நமக்கு ஆறு வருடம் முன்னாலேயே வருகிறது. சிகரெட்டும் சர்க்கரையும் இன்னும் முன்னே இழுத்துவிடும். 2023 முதல் நம் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

ஆகவே அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால், வயது 25 ஆனாலும் 75 ஆனாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு தானே ஓட்டிப் போக விடாதீர்கள். கடைசியில் வாயு என்றே டாக்டர் சொல்லட்டும், சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம்.