பேயானாத்தேன் பலமா?

சூப்பர் ஹீரோ என்றாலே ஆம்பளை. அந்த இடத்தில் பொம்பளையை நிறுத்தினால் படம் ஓடாது என்று பேசியவர்களின் வாயை, 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படம் ‘லோகா அத்தியாயம் ஒன்று: சந்திரா’ அடைத்துவிட்டது. டொமினிக் அருண் இயக்கி, துல்கர் சல்மான் தயாரித்தது. வசூல் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நாயகி எந்தச் சனத்தில் பிறந்தவள் என்று நாம் பார்ப்போம்.

நீலி கதை நமக்குப் புதுசில்லை. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் இன்றும் இருக்கிறது. கேரளத்துக் கதையில் அவள் ரத்தம் குடிக்கும் யட்சி. கடமற்றத்து கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரி அவளை அடக்கிப்போடுவார். படம் இதைத் தலைகீழாக்குகிறது. இங்கே நீலி, கோயில் மறுக்கப்பட்ட பழங்குடிப் பிள்ளை. அரசன் அவள் சனத்தையே கருவறுக்கிறான். கத்தனார் அவளுக்குத் துணை நிற்கிறார். காலம் கடந்தும் சாகாத அவள், இன்றைய பெங்களூரில் சந்திரா என்ற பெயரில் நடமாடுகிறாள். பேய் பேய் என்று ஊரே சொன்னவளிடம், உன்னைப் பேயாக்கியது யார் என்று கேட்டதுதான் இந்தப் படத்தின் பெரிய பலம். எதிர்வீட்டுப் பையன் சன்னி அவளைக் காப்பாற்ற வரவில்லை, பயந்து நடுங்குகிறான். அதுவும் பிடித்திருந்தது.

மதுரையில் அக்கா மகள்தான் கூட்டிப்போனாள். கூட அம்மாவும் வந்துச்சு. கோயில் காட்சி வந்ததும் அம்மா உச்சுக்கொட்டியது. நம்ம பக்கத்து ஆட்களுக்கு அது மாயக்கதை இல்லை. மீனாட்சி கோயிலுக்குள் நம்ம ஆட்கள் கால் வைத்ததே 1939 ஜூலை 8-ஆம் தேதிதான். அன்று உள்ளே போனவர்களில் ஒருவர் மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். உத்தப்புரம் சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் வரை ஆயிற்று.

வெளியே வந்ததும் அம்மா கேட்டது: “ஏத்தா, மனுசியா இருந்தா பலம் வராதா? பேயானாத்தேன் வருமா?”

“வௌவால் கடிச்சுத்தான் அம்மாச்சி அவளுக்குப் பவர் வந்துச்சு.”

“அப்ப அது வௌவாலு பலம். நம்ம பிள்ளை பலம் எங்க?”

படத்தின் பலவீனம் இதில்தான் இருக்கிறது. நீலியின் பலம் அவள் பட்ட பாட்டிலிருந்தோ அவள் சனத்திடமிருந்தோ வரவில்லை, கடியிலிருந்து வருகிறது. அதே சக்தி, பெண்களை வெறுக்கும் போலீஸ்காரன் நாச்சியப்பனுக்கும் தொற்றிக்கொள்கிறது. அவள் சனமோ பழைய கதையோடு முடிந்துபோகிறது. அதன்பின் சண்டையெல்லாம் உறுப்புத் திருட்டுக் கும்பலோடு. கோயில் கதவைச் சாத்தியவனின் வாரிசுகள் எங்கே என்று படம் கேட்கவில்லை. அவளுக்கு மேலே ‘மூத்தோன்’ என்று ஒரு ஆண் தலைமை வேறு. நம்ம ஊர்களிலும் இதே கதைதான். உயிரோடு இருந்த பிள்ளையைக் கொன்றுவிட்டு, கொன்றவர்களே அவளைச் சாமியாக்கிப் பொங்கல் வைப்பார்கள். செத்தவளுக்குப் படையல், இருப்பவளுக்கு ஏச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1920களின் கடைசியில் எடுக்கப்பட்ட ‘விகதகுமாரன்’, மலையாளத்தின் முதல் படம். அதில் பி.கே. ரோசி என்ற தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காத மேல்சாதிக்காரர்கள் அவரை ஊரைவிட்டே விரட்டினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வந்து பெயர் தெரியாமல் வாழ்ந்து முடிந்தார். இன்று பழங்குடி நீலியாகக் கல்யாணி பிரியதர்ஷன் நடிக்கிறார், நன்றாகவே நடிக்கிறார். யாரும் கல்லெறியவில்லை, எறியவும் கூடாது. ஆனால் யார் யாராக நடிக்கலாம் என்ற கணக்கு இன்னும் ஒருபக்கமாகவே இருக்கிறது.

படத்தைப் பாருங்கள் என்றுதான் மாணவர்களிடம் சொல்வேன். பார்த்துவிட்டு அடுத்த கதையை எழுதுங்கள். கூலி உயர்வு கேட்டு வரப்பில் பத்துப் பேராக நிற்கிற நம்ம பெண்களுக்குப் பறக்கத் தெரியாது, சாகாவரமும் கிடையாது. களை நிறைந்த வயலில் ஒருத்தியும் இறங்காமல் நின்றால், வீட்டிலிருந்த பண்ணைக்காரர் வரப்புக்கு வருவார். அந்தப் பத்துப் பேரும் கடைசிக் காட்சி வரை உயிரோடு இருக்கிற படத்தை எழுதுங்கள். அதில் நடிக்கவும் நம்ம பிள்ளைகளையே கூப்பிடுங்கள்.