பஞ்சு உருளாது

மகள் அடம்பிடித்து வாங்கிய பீன் பேக் ஒன்றரை வருடத்தில் ஊற்றிய தோசை மாவாகத் தரையோடு படிந்துவிட்டது. உள்ளே இருப்பவை தெர்மாகோல் மணிகள். கடைக்காரர்கள் ‘பீன்ஸ்’ என்கிறார்கள். அவற்றை ஒரு கோணிப்பைக்கு மாற்றிய அன்று கை, சட்டை, தலைமுடி எங்கும் ஒட்டிக்கொண்டன. துடைப்பத்தால் கூட்டினால் துடைப்பத்திலும் ஒட்டின. பத்து நாள் கழித்து மிக்சிக்கு அடியில் நாலு மணி கிடைத்தது. அந்த எரிச்சலில்தான், இதற்கு இலவம் பஞ்சையே அடைத்தால் என்ன என்று தோன்றியது. போன சித்திரையில் வேறு வேலையாகப் போடிநாயக்கனூர் போனபோது காலி உறையையும் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

ஏலக்காய்க்குப் பேர்போன ஊர் என்றாலும் அங்கே பஞ்சுக்கும் தனி மவுசு உண்டு. நான் போனது நெற்று உடைக்கும் கொட்டகை ஒன்றுக்கு. ஏழெட்டுப் பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நெற்றைத் தரையில் ஒரு தட்டு, ஓடு பிளக்கிறது. விரலை விட்டுப் பஞ்சை வழித்து எடுத்து, நடுத்தண்டை ஒரு பக்கம் எறிகிறார்கள். ஒரு நெற்றுக்கு அவ்வளவு நேரம்தான். வெயிலில் காய்ந்த பஞ்சைக் கம்பால் அடித்துக் கிளறினால் கருத்த கொட்டைகள் அடியில் இறங்குகின்றன. அவை எண்ணெய் ஆட்டப் போகும்.

சுற்றிலும் வலை கட்டியிருந்தது. “வல இல்லேன்னா பஞ்சு போடிமெட்டுக்கு ஏறிப்போயிரும்” என்றார் மூத்த அம்மா ஒருவர். நான் சிரிக்க வாய் திறந்ததும் ஒரு இழை தொண்டைக்குள் போய்விட்டது. “தம்பி, மொதல்ல வாயக் கட்டு.” அவர் இமையிலும் பஞ்சு இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் ராத்திரி இருமல் விடாதாம். இயற்கைப் பொருள் என்று நாம் பெருமையாகச் சொல்லும் பஞ்சுக்கு இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

மெத்தைக்கடை பக்கத்திலேயே. கடைக்காரர் உறையை விரித்துப் பார்த்தார். “இதுல பஞ்சா? அடச்சுக் காட்டுறேன், நீங்களே உக்காந்து பாருங்க சார்.” கைகையாக உதறித் திணித்தார், மூன்று கிலோ போனது. உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது. எழுந்து பார்த்தால் உட்கார்ந்த இடத்தில் குழி அப்படியே நின்றது. உறையைக் குலுக்கினேன், அசையவில்லை.

“பஞ்சு ஒண்ணையொண்ணு புடிச்சுக்கிரும். மெத்தைக்கு அதுதான் வேணும். ஒங்க பைக்கு உருளணும்.”

விஷயம் அவ்வளவுதான். இத்தாலியில் 1968-இல் மூவர் (கட்டி, பவோலினி, தியோடோரோ) வடிவமைத்து சனோட்டா நிறுவனம் வெளியிட்ட ‘சாக்கோ’ என்ற பீன் பேக்கின் சூட்சுமமும் இந்த உருளல்தான். நாம் சாயும் பக்கம் மணிகள் விலகி, மறுபக்கம் ஏறி முதுகைத் தாங்கும். இலவம் இழையும் உள்ளே குழல்தான், காற்றுதான். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்குள் அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் இழை உருளாது. தென்னைநாரும் பனியன் கழிவும் அப்படியே. கூடவே கனம் வேறு. பஞ்சில் தீப்பொறி பட்டால் சட்டெனப் பற்றும் என்பதால் கடைக்குள் பீடிக்கும் அனுமதியில்லை.

தெர்மாகோலிலும் தரம் பார்க்க வேண்டும் என்று கடைக்காரரே சொன்னார். மெத்தைக்காரருக்கு அதில் லாபமில்லை, இருந்தும் சொன்னார். டிவி பெட்டியில் வரும் தெர்மாகோலை அரைத்து மூட்டை கட்டி விற்கிறார்களாம். அந்தத் துண்டுகள் கோணல்மாணலானவை. உருளாது, சீக்கிரம் பொடியாகும். நல்ல மணி உருண்டையாக இருக்கும். விரலிடுக்கில் நசுக்கிவிட்டால் மறுபடி உப்பும். நல்லதும் நாளாக நாளாகக் காற்றை இழந்து சிறுக்கத்தான் செய்யும். மணியில் முக்கால்வாசிக்கும் மேல் காற்றுதானே! என் பை படுத்ததும் அதனால்தான். மொத்தமாக மாற்றத் தேவையில்லை, குறைந்ததை நிரப்பினால் போதும்.

மூன்று கிலோ பஞ்சையும் திரும்ப எடுத்துக்கொண்டார், காசு வாங்கவில்லை. வெறுங்கையோடு வர மனமில்லாமல் இரண்டு தலையணை வாங்கினேன். வீட்டில் கோணிப்பையில் இருந்ததையே கொட்டி, மேலே ஒரு கிலோ புது மணி சேர்த்தேன். பை எழுந்து உட்கார்ந்துவிட்டது.

நீங்கள் வாங்கும்போது உள்ளுறை தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைகள் ஜிப்பைத் திறந்து உள்ளே புகுந்து, மணிகளை மூச்சோடு இழுத்துத் திணறி இறந்தது அமெரிக்காவில் நடந்திருக்கிறது. ஜிப்பின் இழுப்பானை இடுக்கியால் கழற்றி எடுத்துவிடுங்கள். திறக்க வேண்டிய நாளில் ஒரு ஊக்கு போதும்.