பெருங்குடியில் பிழை தேடுவோர்

சென்னை பெருங்குடியில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் நான்காம் மாடி. மென்பொருள் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். அன்று அந்தக் குழுவின் கையில் இருந்தது பணம் அனுப்பும் செயலி.

குழுவின் மூத்த சோதனையாளர் மதுரைப் பக்கத்துக்காரர்; எல்லோருக்கும் அவர் அக்கா. புதிதாகச் சேர்ந்த இளைஞரிடம் கேட்டார்: "ஒரு ரூபாயிலேர்ந்து அம்பதாயிரம் வரைக்கும் அனுப்பலாம். எந்தத் தொகையைப் போட்டுப் பார்ப்பே?"

"நூறு, ஆயிரம், பத்தாயிரம், அக்கா."

"அதெல்லாம் போயிடும்ப்பா. 0, 1, 50,000, 50,001 போடு. அப்புறம் ஒண்ணுமே போடாம பட்டனை அமுக்கு."

'குறைவு' என்று எழுதுவதா, 'குறைவு அல்லது சமம்' என்று எழுதுவதா என்பதில் டெவலப்பர் தடுமாறுவது எல்லையில்தான். தேதிக்கும் இதே கதை. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்ட்டின் 30 ஜிபி 'ஸூன்' இசைக் கருவிகள் கூட்டமாக உறைந்துபோயின. லீப் ஆண்டின் 366ஆவது நாளில், தேதி கணக்கிடும் நிரல் வெளியேற வழியின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அக்காவின் கணினியில் ஒரு பெயர்க்கோப்பு இருக்கிறது. குழுவின் உண்மையான சொத்து அதுதான் என்பேன். குடும்பப் பெயர் இல்லாதவர்கள், ஒற்றை எழுத்தை மட்டும் இனிஷியலாக வைத்திருப்பவர்கள், புள்ளியோடு எழுதுபவர்கள், தமிழிலேயே தட்டச்சு செய்பவர்கள் என எல்லோரும் அதில் உண்டு. 'கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று சொல்லும் படிவம் பாதித் தமிழ்நாட்டை வாசலிலேயே நிறுத்திவிடும்.

தமிழ் எழுத்தில் சிக்கல் இன்னும் ஆழம். 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; யூனிகோடில் ஐந்து குறிகள்; யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். குறிகளை எண்ணி இரண்டோடு வெட்டும் நிரலில் 'மணி' என்பவர் 'மண' ஆகிவிடுவார். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 குறிகளே. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இவை எதுவும் கண்ணில் படாது.

கருவிகளுக்குக் குறைவில்லை. பைத்தான் நிரலுக்குப் பைடெஸ்ட், நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐக்குப் போஸ்ட்மேன், உலாவியைத் தானாக இயக்கச் செலினியம் அல்லது பிளேரைட். பழைய சோதனைகளை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மறுபடி ஓட்டுவதற்கு 'ரெக்ரஷன்' என்று பெயர். அலுக்காமல் செய்ய இயந்திரமே சரி. நம் கைபேசிகளில் தரவைக் காக்கும் எஸ்கியூலைட்டுக்கு, அதன் நிரலைப் போல் ஏறத்தாழ 590 மடங்கு சோதனை நிரல் இருக்கிறது.

ஆனால் சோதனை தேறியது என்று பச்சை விளக்கு எரிந்தது என்பதற்காக அக்கா எதையும் நம்புவதில்லை. சோதனையை எழுதியதும் மூல நிரலில் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கிறார். அப்போதும் பச்சையே வந்தால், அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை.

பிழை கிடைத்த பிறகு பாதி வேலை மிச்சம். "என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது" என்று டெவலப்பர் சொல்வதற்கு இடம் தராமல் எழுத வேண்டும்: எந்தக் கைபேசி, செயலியின் எந்தப் பதிப்பு, எதை எந்த வரிசையில் அழுத்தினோம், என்ன வர வேண்டும், என்ன வந்தது.

இதை நீங்களும் செய்யலாம். அடுத்த முறை ஒரு செயலி உங்கள் பெயரை ஏற்க மறுத்தால், அப்பாவின் பெயரை இரண்டாம் முறை நிரப்பிச் சமாளிக்காதீர்கள். திரையைப் படமெடுத்து, இந்த விவரங்களோடு அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்.