நாற்பது மூட்டைக்கு ஒரு தாள்

மே 5, 2025, திங்கள்

காலை லோடில் கறுப்பு மெட்டீரியல் இரண்டு வகை இறங்கியது. 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் 6 ஒன்று; அதே அளவு கண்ணாடி கலந்த நைலான் 66 இன்னொன்று. மூட்டை வாயைப் பிரித்துக் கைநிறைய அள்ளிப் பார்த்தாலும், மோல்டிங்கில் பழம் தின்று கொட்டை போட்டவருக்கே வித்தியாசம் தெரியாது. அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். எரித்துச் சாம்பலை நிறுத்தாலும் இரண்டிலும் அதே கண்ணாடிதான் மிஞ்சும். ஆனால் முதலாவது 220 டிகிரி வாக்கில் உருகிவிடும், மற்றதற்கு 260 வேண்டும். ஹாப்பரில் ஒன்றுக்கு ஒன்று மாறிப்போனால் மெஷின்காரர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார். பாதிக்குப் பாதி கலந்து, பார்வைக்கு நல்ல பீஸாகவே வெளியே வந்து, ஏதோ ஒரு காரின் எஞ்சின் பக்கத்தில் போய் உட்காருவதுதான் ஆபத்து.

ஆக, எது எது என்று சொல்வதற்கு மூட்டைமேல் இருக்கும் தாளை விட்டால் வாசலில் வேறு ஆள் இல்லை. அந்தத் தாளைப் பார்த்து ஸ்டோர்ஸ் தம்பி கம்ப்யூட்டரில் அடிக்கிறான், நம் ஸ்டிக்கரை எடுக்கிறான், அதைச் சப்ளையர் ஸ்டிக்கர் மேலேயே ஒட்டுகிறான். லாட் நம்பரில் நடுவில் இருப்பது ஓ எழுத்தா, பூஜ்யமா? ஒட்டியான பிறகு யார் உரித்துப் பார்ப்பது!

மே 6, செவ்வாய்

மதியம் சப்ளையர் லேபிள்களை மேஜையில் பரப்பி வைத்தேன். ஒருவர் லாட் நம்பரை மேலே போடுகிறார், ஒருவர் அடியில் மூலையில். ஒருவர் கையால் மார்க்கரில் எழுதுகிறார் (கையெழுத்து அழகு, அதைச் சொல்லியே ஆக வேண்டும்).

இதற்கெல்லாம் ஜிஎஸ்1 என்ற பார்கோடு அமைப்பின் லேபிள் என்று ஒன்று எப்போதோ வந்துவிட்டது. ஏ6 தாள் அளவு போதும். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் நிற்கும்: (02) என்றால் உள்ளே இருக்கும் பொருள், (37) எத்தனை, (10) லாட், (400) நாம் கொடுத்த ஆர்டர் நம்பர். எந்த மூலையில் அச்சடித்தாலும் ஸ்கேனர் அந்த எண்ணை வைத்து இது லாட், இது எண்ணிக்கை என்று பிரித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் அடியில் (00): பேலட்டுக்கே உரிய 18 இலக்க எண். 25 கிலோ மூட்டை 40 அடுக்கிய ஒரு டன் பேலட்டுக்கு ஒரே ஸ்கேன்.

"இன்வாய்ஸில்தான் க்யூஆர் இருக்கே சார், அதை ஸ்கேன் பண்ணினா போதாதா?" என்று அக்கவுண்ட்ஸில் கேட்டார்கள். அது ஜிஎஸ்டிக்காரர்களுக்காக வந்தது. விற்றவர், வாங்கியவர், பில் நம்பர், தொகை, முக்கியப் பொருளின் ஹெச்எஸ்என் எல்லாம் அதில் உண்டு. லாட் கிடையாது. நைலான் 6, நைலான் 66 இரண்டுக்கும் ஹெச்எஸ்என் 3908-இல்தான் தொடங்கும்.

மே 8, வியாழன்

கேட்டில் ஸ்கேனர் வைத்துப் பார்த்தோம். கம்பெனி கலர் என்று ஒரு சப்ளையர் பார்கோடு கோடுகளைச் சிவப்பில் அடித்திருக்கிறார். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. ஸ்கேனரின் ஒளியும் சிவப்பு. அதற்கு அது வெறும் வெள்ளைத்தாள். இன்னொருவர் லேபிளை ஒட்டிவிட்டு அதற்கு மேலே ஸ்ட்ரெச் ஃபிலிமைச் சுற்றி அனுப்புகிறார். சுருக்கமும் மினுமினுப்பும் சேர்ந்து, பத்துத் தடவை அடித்தால் ஒரு தடவை விழுகிறது. கடைசியில் ஃபிலிமைக் கிழிக்கிறார்கள், மூட்டை சரிகிறது.

கோடுகள் தரையிலிருந்து 400 மில்லிமீட்டருக்கு மேல், 800-க்குள். ஓரத்திலிருந்து 50 தள்ளி. விதி இவ்வளவுதான். ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் குனியாமல் அடிக்கக்கூடிய உயரம்.

மே 9, வெள்ளி

மாஸ்டர்பேட்ச் சப்ளையர் நேரில் வந்திருந்தார். "சார், ஓரகடத்துக்குப் போற சரக்குக்கு ஒரு லேபிள், ஸ்ரீபெரும்புதூருக்கு வேற லேபிள். இப்ப நீங்களும் ஒண்ணு சொல்றீங்க. மூட்டையில இடம் இல்ல சார்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது வயிற்றெரிச்சல்தான்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கார் உலகத்தில் அமெரிக்க வழக்கப்படி எண்ணுக்குப் பதில் எழுத்து நிற்கும்: 'பி' பார்ட் நம்பர், 'கியூ' அளவு, 'வி' சப்ளையர், 'கே' ஆர்டர். ஐரோப்பியர்களுக்கு ஓடெட் லேபிள், ஜெர்மன்காரர்களுக்கு விடிஏ 4902. பெரிய இடங்கள் அதற்கு மேலும் தங்களுக்கென்று ஒரு கட்டத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. பொது லேபிள் என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கு ஆள் கட்டம் போட்டால் அது பொதுவாகுமா? நம் பர்ச்சேஸில் லோகோவோடு தனி ஃபார்மட் கேட்டார்கள். கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜிஎஸ்1-இல் உள்ளது போதும், ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டாம்.

மே 13, செவ்வாய்

பேலட்டுக்கான அந்த 18 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் காவல்காரன். மீதி 17-ஐ வலமிருந்து மாறி மாறி 3-ஆலும் 1-ஆலும் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதைக் கடைசியில் வைக்கிறார்கள். ஸ்கேனர் படிக்காமல் தம்பி கையால் அடிக்க நேர்ந்து ஓர் இலக்கம் தப்பினால், கணினி உடனே மறுத்துவிடும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் 1-ம் 6-ம் இடம் மாறினால் மறுக்காது. 2-ம் 7-ம் அப்படியே. வித்தியாசம் 5 என்றால் தப்பித்துவிடும். தம்பிக்கு இதைப் போட்டுக் காட்டியதில் அரைமணி நேரம் போனது. நல்ல அரைமணி.

இன்னொன்று. அந்த எண் தனியாக வந்தால் அது வெறும் எண். பேலட்டில் என்ன இருக்கிறது என்ற விவரம் லாரிக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் வழியாக வந்து சேர வேண்டும். பெரிய சப்ளையர்களால் முடியும். நம்மவர்களில் பாதிப் பேர் வாட்ஸப்பில் சலான் படம் அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு (02), (37), (10) மூன்றும் தாளிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

மே 15, வியாழன்

கத்திரி. இறக்குமதி ஹார்ட்னர் டின்னில் காலாவதி 08/06/25. ஜூன் 8-ஆ, ஆகஸ்ட் 6-ஆ? முதலாவது என்றால் மூன்று வாரம்தான் கெடு. க்வாலிட்டி மேடம் சர்டிபிகேட்டைத் தேடி எடுக்க மதியமாகிவிட்டது. ஆகஸ்ட்தான். (17) என்று போட்டுப் பின்னால் 250806 என்று இருந்திருந்தால், வருடம், மாதம், நாள் என்ற வரிசை ஒன்றே ஒன்றுதான்.

வெட்டவெளியில் நின்ற டிரம்களில் ரிப்பன் இல்லாத தெர்மல் லேபிள்கள் மங்கிவிட்டன. சால்வென்ட் கை பட்டவை அழிந்தே போய்விட்டன. டிரம்முக்கு ரெசின் ரிப்பன் அச்சு கட்டாயம் என்று நம் விதியில் சேர்த்தாயிற்று.

மே 19, திங்கள்

நைலான் 66, முதல் பேலட், ஒரே ஸ்கேன். பார்ட், லாட், 40 மூட்டை எல்லாம் திரையில் வந்து நின்றன. நம் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. மேடம் மட்டும் "லேபிள் சரியா இருந்தா சரக்கு சரியா?" என்று கேட்டுவிட்டு, உருகுநிலை பார்க்க ஒரு பிடி எடுத்துப் போனார். சரிதான். மூட்டை ஈரம் குடித்திருக்கிறதா என்பதும் தாளில் வராது. அனுப்பியவர் சொன்னது எழுத்து மாறாமல் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான் என் பங்கு.

மே 20, செவ்வாய்

டிரேடரிடமிருந்து வந்த பேலட்டில் மூன்று லாட் கலந்திருக்கிறது. மூன்று லாட்டுக்கு ஒரே (10) போட முடியாது, போட்டால் பொய். அவர் லாட் வாரியாகப் பேலட் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டைக்கு மூட்டை லேபிள் ஒட்ட வேண்டும். "ஒட்டறேன் சார், கிலோவுக்கு ஏதாவது பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்கிறார். பர்ச்சேஸ் நாளைக்குப் பேசுகிறது. அதுவரை அந்தப் பேலட் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்.