ஊமை ஹாரன்

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அதைச் செய்த கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வயசான காலத்தில் அதன் மானத்தை ஏன் வாங்குவது? வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் ஓடுகிற வண்டிதான். ஆனால் சென்ற தை மாதத்திலிருந்து அதன் ஹாரன் மட்டும் தன் இஷ்டத்துக்குப் பேசத் தொடங்கியது. நினைத்தால் கூவும்; இல்லையென்றால் மௌன விரதம்.

"போகட்டுமே! ஊருக்கு நல்லதுதானே?" என்றாள் என் மனைவி. திருநெல்வேலி ஜங்ஷனில் கால் மணி நேரம் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் அவள் கட்சியில்தான் சேருவார்கள். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன், வீரவநல்லூருக்குப் புறப்பட்ட அந்தக் காலை வரையில்.

பிசான அறுவடைக் காலம். சேரன்மகாதேவியைத் தாண்டியதும் சாலையில் பாதியை வைக்கோல் பிடித்துக்கொண்டிருந்தது. கன்னடியன் கால்வாய்ப் பக்கம் ஒரு வளைவு. திரும்பினால், எனக்கு முன்னே ஒரு புல்லுக்கட்டு நடந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு அடியில் ஒரு கிழவி இருந்தாள் என்பது அப்புறம் தெரிந்த சங்கதி. ஸ்டியரிங்கின் நடுவில் ஓங்கி அழுத்தினேன். சத்தமே இல்லை. பிரேக்கை மிதித்தேன், சக்கரம் வைக்கோலில் வழுக்கிக்கொண்டு போய் அவளுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது.

கட்டை இறக்காமலே மெதுவாகத் திரும்பினாள். "ஏ அய்யா, ஒரு சத்தம் குடுக்கப்படாதா?"

கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஊருக்குத் திரும்பியதும் மெக்கானிக்கிடம் போனேன். "ஸ்டியரிங்கை எதுக்கு சார் நோண்டணும்? டாஷ்போர்டிலே ஒரு காலிங்பெல் சுவிட்சை வச்சு விட்டுருவோம்" என்றார். மலிவான யோசனைதான். ஆனால் ஆபத்து வருகிறபோது கை யோசிக்குமா? முப்பது வருஷமாகப் போன இடத்துக்குத்தானே போகும்? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது ஒன்று உறைத்தது. நேர்ச் சாலையில் இந்த ஹாரன் ஒழுங்காகப் பேசியிருக்கிறது. ஸ்டியரிங்கை ஒடித்தால்தான் வாயை மூடிக்கொள்கிறது. அதாவது, எங்கே அவசியமோ அங்கே!

பழைய வண்டிகளில் விஷயம் இதுதான். பாட்டரி மின்சாரம் ஹாரன் வரைக்கும் வந்து காத்திருக்கும். பித்தானை அழுத்தினால் அதற்கு வண்டியின் இரும்பு உடம்போடு தொடர்பு கிடைத்துச் சுற்று பூர்த்தியாகும்; உடனே ஹாரனுக்குள் இருக்கும் உலோகத் தகடு வினாடிக்குப் பல நூறு தடவை அதிரும். ஆனால் சுழலுகிற சக்கரத்துக்குக் கம்பி கொண்டுபோனால் அது முறுக்கிக்கொள்ளுமே! அதற்காகச் சக்கரத்தின் அடியில் ஒரு பித்தளை வளையம். அதை உரசியபடி, வில் வைத்து அழுத்திய சிறு கார்பன் கட்டை. பிரஷ் என்பார்கள். (இந்தக் காலத்துக் கார்களில் அங்கே காற்றுப்பை இருக்கிறது. அதில் கை வைக்கிற வீரர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.)

கார் ஹாரனின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 1908-இல் கடைக்கு வந்த 'கிளாக்சன்' ஹாரனைக் கண்டுபிடித்த மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்ற அமெரிக்கர், அதற்கு முன்பே காது கேளாதவர்களுக்கு மின்சாரக் கருவி செய்தவர்! ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டார் போலும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாளையங்கோட்டையே உண்ட மயக்கத்தில் கிடந்தது. முதலில் ஹாரனிலிருந்து பித்தானுக்குப் போகும் முனையை ஒரு துண்டுக் கம்பியால் வண்டியின் உடம்போடு தொட்டேன். கணீரென்று கத்தியது. ஆக, ஹாரனும் பியூஸும் நிரபராதிகள். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் பித்தானை நெம்பி எடுத்தேன். எட்டு வயசுப் பேரன் டார்ச்சைப் பிடித்தான். சக்கரமும் தண்டும் சேரும் இடத்தில் ஓர் அடையாளக் கோடு போட்டுவிட்டு நடு நட்டைத் தளர்த்தினேன், முழுக்கக் கழற்றவில்லை. அந்தப் புத்தி மட்டும் இல்லாதிருந்தால், இழுத்த இழுப்பில் சக்கரம் என் மூக்கின் மேல் வந்து குடியேறியிருக்கும்.

உள்ளே பார்த்தால், வளையத்தின் ஒரு பாதி பளபளவென்று இருந்தது. மறு பாதியில் கறுத்த மசகும் பச்சைக் களிம்பும். பிரஷ் தேய்ந்து மிளகு அளவுக்கு வந்துவிட்டது, வில்லும் துவண்டிருந்தது. வளையத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்து, நைசான உப்புத்தாளால் தேய்த்தேன். கடையில் வாங்கி வைத்திருந்த புதுப் பிரஷை வில்லோடு பொருத்தி, எல்லாவற்றையும் மாட்டி, வெற்றிப் பெருமிதத்தோடு பாட்டரியை இணைத்தேன்.

ஹாரன் அலறியது. யாரும் அழுத்தாமலே அலறியது. நிறுத்தவே இல்லை! பதறிப்போய் முனையைப் பிடுங்குவதற்குள் தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"சரியாப்போச்சு போலிருக்கே!" என்றாள் மனைவி, திண்ணையிலிருந்து.

பித்தானுக்கு அடியில் மின்சாரம் தாண்டாமல் காக்கும் ஒரு பைபர் வளையம் இருந்திருக்க வேண்டும். அது எங்கே? பேரன் மெல்லத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "காசு மாதிரி இருந்துச்சு தாத்தா" என்றான்.

மறுநாள் சுலோசன முதலியார் பாலத்தில் போனேன். அவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு அதைக் கட்டிக்கொடுத்தது 1843-இல். அன்றைக்கு அதன்மேல் போன மாட்டு வண்டிகளுக்குக் கழுத்து மணி போதுமாயிருந்தது. முன்னால் போன பஸ் பல ராகத்தில் ஊதிக்கொண்டு போயிற்று. 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி அதைத் தடுக்கிறது என்பதை யார் அதனிடம் சொல்வது? நான் பித்தானைத் தொடவில்லை. நேரே சேரன்மகாதேவி வழியாக அந்த வளைவுக்குப் போனேன்.

அன்றும் ஒரு புல்லுக்கட்டு போய்க்கொண்டிருந்தது. அதே கிழவிதானா என்று தெரியவில்லை; கட்டுக்கு அடியில் முகம் எங்கே தெரிகிறது? வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை ஒடித்தபடியே லேசாக ஒரு தடவை அழுத்தினேன்.

கட்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓரமாக ஒதுங்கிற்று.